முன்னால் போன தட்டு

எங்கள் வீட்டில் நன்றியை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. ஒரு படி முந்திரிப் பருப்பு கொடுத்தனுப்புவோம், பலா பழுத்தால் பாதியை வெட்டி அனுப்புவோம். அத்துடன் கணக்குத் தீர்ந்துவிடும். இந்த ஒருமுறை அது போதாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் பெயர் சாமிதுரை. உடையார்பாளையத்துக்குத் தெற்கே பதினோரு ஏக்கர் முந்திரித் தோப்பு எங்களுடையது. என் தங்கை ஜெயசுதாவின் மகள் வினோதினி பெங்களூரில் இருக்கிறாள். போன வைகாசியில் அவளுடைய பெண் குழந்தைக்குக் காதுகுத்து. வினோதினிக்கு உடன்பிறந்த ஆண் யாரும் இல்லை. அதனால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமன் இடம், அவளுக்கே தாய்மாமனான எனக்கு வந்தது. சீரும் என் பொறுப்பு.

அழைக்க வந்தவர் குழந்தையின் அப்பா வழித் தாத்தா அய்யாக்கண்ணு. பெரம்பலூர்க்காரர். எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டி எடை போடும் இடத்தில் முப்பது வருஷம் இருந்தவர். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

"சம்பந்தி, புள்ளையோட அத்தை மொறைக்கு இந்தத் தடவ பிட்காயின் போடறாங்களாம். நீங்க பாட்டுக்குக் குடம், குத்துவெளக்குன்னு வண்டி ஏத்திக்கிட்டு வந்துடாதீங்க. பெங்களூர் வூட்ல ஆளு நிக்கவே எடமில்ல."

"அது என்ன, நாங்களும் போடறோம்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கஷ்டம்? அதெல்லாம் கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க வேல." சிரித்துக்கொண்டே மோரைக் குடித்தார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் என் மனைவி மருதாயி உள்ளே பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே, அவள் காதிலும் அது எப்படி விழுந்தது என்று தெரிந்தது. அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் முடிவு செய்துவிட்டேன். முந்திரிக்கொட்டை விற்ற பணத்தில் இரண்டு லட்சத்து ஒரு ரூபாய். முழுவதும் பிட்காயின்.

வினோதினிக்குப் போன் போட்டேன்.

"மாமா, யாரு கேட்டா இதெல்லாம்? நீங்க வந்து உக்காந்தா போதும்."

"நீ கேக்கல. நான் செய்யறேன். என்ன பண்ணணும், அத மட்டும் சொல்லு."

அவள் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். எக்ஸ்சேஞ்ச் என்று செயலிகள் இருக்கின்றனவாம். அதில் நம் ரூபாயைப் போட்டால் பிட்காயின் வாங்கலாம். வாங்கியதை அவளுடைய வாலட்டுக்கு, அதாவது போனிலேயே இருக்கும் பிட்காயின் பைக்கு, அனுப்பலாம். "எக்ஸ்சேஞ்ச மட்டும் பாத்துப் புடிங்க மாமா. வாங்குனத வெளிய அனுப்ப விடுமான்னு கேட்டுக்குங்க."

பார்த்துப் பிடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். முந்திரி வியாபாரியையும் சரி, பெண் கொடுக்கும் வீட்டையும் சரி, நான் பார்ப்பது ஒன்றைத்தான்: யார் வீட்டுப் பிள்ளை? போனில் வந்த எக்ஸ்சேஞ்சுகளுக்கு அப்பன் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஆனால் பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில், என் பங்காளி மகன் பூவரசன் பிட்காயின் ஆபீஸ் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் எங்கள் குலதெய்வத்தின் படம். படத்தைப் பார்த்ததும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"பெரியப்பா, நீங்க ஏன் அலைஞ்சீங்க? ஒரு போன் பண்ணினா நானே வந்திருப்பனே" என்று பூவரசன் எழுந்து நின்றான். அவன் போனில் ஒரு செயலியைக் காட்டினான். பச்சை எழுத்தில் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. "போட்ட காசு மூணு மாசத்துல ஒண்ணரை மடங்கா ஆயிடும். உங்க ஆதார், பான் ரெண்டையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. காச இந்த நம்பருக்குப் போடுங்க."

இதுதான் எக்ஸ்சேஞ்ச் என்று முடிவாகிவிட்டது. காதுகுத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

ஸ்கேன் எடுக்க மறுநாள் காலையில் எங்கள் ஊர் இ-சேவை மையத்துக்குப் போனேன். அதை நடத்துபவர் மலர்கொடி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா அமாவாசை எங்கள் தோப்பில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் கடைக்குள் அதுவரை நான் நுழைந்ததில்லை. வேண்டியதற்கெல்லாம் ஆள் அனுப்பிவிடுவேன். இது பண விஷயம் என்பதால் நானே போனேன். வெளியே நின்றபடி கண்ணாடித் தடுப்பின் கீழே இருந்த திறப்பு வழியாக அட்டைகளை நீட்டினேன்.

"உள்ள வந்து உக்காருங்க ஐயா."

"பரவால்ல. சீக்கிரம் எடுத்துக் குடு."

"எதுக்குங்க? பேங்க்குக்கா?"

சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மலர்கொடியின் கை ஸ்கேனர் மூடியிலேயே நின்றுவிட்டது. "எந்த எக்ஸ்சேஞ்சுங்க? காச எந்தப் பேருக்குப் போடச் சொல்றாங்க?"

பூவரசன் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினேன்.

"இது தனி ஆளு பேருங்க. கம்பெனி பேரு இல்ல. அரசாங்கத்துல பதிவு பண்ணின எக்ஸ்சேஞ்சா இருந்தா, உங்க பேங்க் கணக்குலேந்து கம்பெனி கணக்குக்குத்தான் போவும்."

"எழுதிக் குடுத்தவன் எங்க பங்காளி மவன்."

"அதுல எனக்குச் சந்தேகம் இல்லைங்க." அவர் குரலில் கிண்டல் இல்லை. "கொரோனா சமயத்துல எங்க ஓரகத்தி சொன்னான்னு நான் நாப்பதாயிரம் போட்டேன். சீட்டு எடுத்த காசு. எண்ணு ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு, எம்பதாயிரம், ஒரு லட்சம்னு. அந்த ஒரு லட்சத்துலேந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு டீ குடிக்க முடியல. வெளிய எடுக்கப் போனா கதவ சாத்திட்டாங்க. ஓரகத்தியும் நல்லவதான். அவளும் போச்சுன்னு அழுதா."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க ஐயா. மொத்தத்தையும் போடாதீங்க. ஒரு ஐயாயிரத்துக்கு வாங்கி, அத வினோதினிக்கு அனுப்பச் சொல்லிப் பாருங்க. போயிச் சேந்துச்சுன்னா மிச்சத்த அனுப்புங்க."

எனக்குச் சுரீரென்றது. "தாய்மாமன் வூட்லேந்து மொதல்ல போறது ஐயாயிரமா? அய்யாக்கண்ணு காதுக்குப் போனா என்ன சொல்லுவாரு? சீருன்னா மொத்தமாத்தான் போவும். சோதனை பண்ணி அனுப்பறதுக்கு அது என்ன மாட்டு வியாபாரமா?"

மலர்கொடி ஸ்கேனர் மூடியை இறக்கிவைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சீருக்கு முன்னாடி வெத்தல பாக்குத் தட்டு போவாதுங்களா? உங்க வூட்டுச் சீரு போறப்பல்லாம் எங்கப்பாதான் அந்தத் தட்ட எடுத்துக்கிட்டு முன்னால நடப்பாரு. அதுல இருக்கற வெத்தலைக்கு என்ன வெல பெறும்? அது போயி, அங்க வாங்கிக்கிட்டாத்தான பின்னாடி சீரு போவும். யாரும் அதக் கொறச்சலா நெனைக்கல."

அமாவாசையை எனக்கு நினைவிருந்தது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை ஏந்தி, மேளக்காரனுக்கும் முன்னால் நடப்பார். போய்ச் சேர்ந்ததும் எங்கே உட்கார்ந்தார், சாப்பிட்டாரா என்பது எனக்கு நினைவில்லை. ஏனென்றால் நான் பார்த்ததே இல்லை.

அட்டைகளை வாங்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

பூவரசன் சிரித்தான். "அஞ்சாயிரமா? என்ன பெரியப்பா, நம்ம மேலயே நம்பிக்கை இல்லையா?"

"தட்டு முன்னால போவட்டும்."

ஐயாயிரத்து ஒரு ரூபாய் போட்டேன். அரை மணி நேரத்தில் செயலியில் அது ஐயாயிரத்து முந்நூறு ஆனது. "பாத்தீங்களா?" என்றான். பார்த்தேன். வினோதினியின் வாலட் முகவரியைக் கொடுத்து, அங்கே அனுப்பு என்றேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினான். குறைந்தது ஐம்பதாயிரம் இருந்தால்தான் வெளியே அனுப்ப முடியும் என்று வந்தது.

"அவ்வளவுதான், ஐம்பதா ஆக்கிடுங்க பெரியப்பா. எப்படியும் போடப் போறதுதான?"

உண்மையைச் சொல்கிறேன். என் கை சட்டைப் பைக்குப் போனது. பங்காளி மகனை அவன் ஆபீசிலேயே சந்தேகப்படுவது எனக்குக் கேவலமாக இருந்தது. அவன் சொல்வது சரி என்றுகூடப் பட்டது. ஆனால் தட்டு இன்னும் போய்ச் சேரவில்லை. தட்டு சேராமல் எந்த வீட்டில் சீர் வண்டி கிளம்பும்?

"பூவரசா, நீ எவ்வளவு போட்டிருக்க?"

"ஆறு லட்சம். சுகன்யா நகையெல்லாம் சேத்து." சுகன்யா அவன் மனைவி.

"அதுலேந்து எவ்வளவு வெளிய எடுத்திருக்க?"

"எடுக்கலையே. எதுக்கு எடுக்கணும்? ஏறிக்கிட்டுல்ல இருக்கு."

"இப்ப எடு. ஒரு ஆயிரம்."

அவன் அழுத்தினான். முதலில் இருபது சதவீதம் வரி கட்டவும் என்று வந்தது. தன்னை இதில் சேர்த்துவிட்ட உறவுக்கார மேலதிகாரிக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை போட்டான். ஏசியிலும் அவன் நெற்றி வியர்த்தது. அந்தப் பையன் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை, அவனும் என்னைப்போல யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் கேட்டு ஏமாந்தவன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் கத்தவில்லை. கதவைச் சாத்தச் சொன்னேன். "எத்தன பேர சேத்துவுட்ட?"

"ஒம்பது பேரு. எல்லாம் நம்ம ஆளுங்கதான் பெரியப்பா."

"மொதல்ல சைபர் கிரைம்ல எழுதிக் குடு. அப்பறம் ஒம்பது வூட்டுக்கும் நீயே போயிச் சொல்லு. மேல ஒரு ரூவா போடவுடாத. நானும் கூட வரேன்." இரண்டு நாள் அவனுடன் நடந்தேன். மூன்று வீட்டில் அந்த வாரமே போடவிருந்த பணம் நின்றது. அவன் பெயரை இங்கே அவன் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். "எழுதுங்க பெரியப்பா, நாலு பேரு படிக்கட்டும்" என்றான்.

மூன்றாம் நாள் காலை, மலர்கொடியின் கடைக்குள் போய் உட்கார்ந்தேன்.

"நீயே பாத்துச் சொல்லு" என்றேன். பிறகு திருத்திக்கொண்டேன். "நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சுகளில் இரண்டை எடுத்து வைத்தார். முதலாவது எல்லோரும் பேசுவது, கமிஷனும் குறைவு. ஆனால் அதில் வாங்கலாம், விற்கலாம், வெளியே அனுப்ப முடியாது. "இது தப்பான எடம் இல்லைங்க. நம்ம வேலைக்கு ஆவாது, அவ்வளவுதான்." இரண்டாவதில் கமிஷன் கூடுதல், அனுப்புவதற்குத் தனிக் கூலி. ஆனால் வெளியே அனுப்ப விடும். அவர்களுடைய உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்தார். நான்காவது மணியில் ஒரு பெண் தமிழில் பேசினார். அதையே எடுத்தோம்.

என் முகத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்றது செயலி. நேராகப் பார்த்தேன். இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன். தலையைக் குனியச் சொன்னது.

"கொஞ்சம் குனிங்க ஐயா."

குனிந்தேன்.

"இன்னும் கொஞ்சம். ஒத்துக்க மாட்டேங்குது."

"நான் குனிஞ்சதே இவ்வளவுதான்மா."

மலர்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செயலி சிரிக்கக் கூடாது என்றது. நான்காவது முறைதான் ஏற்றுக்கொண்டது.

கணக்குத் திறக்க ஒரு நாள் ஆனது. புதுக் கணக்கு என்பதால் அனுப்ப இன்னும் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்தோம். பிறகு ஐயாயிரத்து ஒரு ரூபாய்க்கு வாங்கி, வினோதினியின் நீளமான முகவரியின் முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் மலர்கொடி சத்தமாகப் படிக்க, நான் தாளில் சரிபார்க்க, அனுப்பினோம். கூலியாகப் பல நூறு ரூபாய் பிடித்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் இரண்டு சாதிச் சான்றிதழும் ஒரு பட்டாவும் பதிந்துகொடுத்தார். நான் டீ குடித்தேன், அவர் கடையில், அவர் தம்ளரில்.

வினோதினி போன் செய்தாள். "மாமா, வந்துடுச்சு. எப்படி மாமா?"

"தட்டுதான் வந்திருக்கு. சீரு பின்னாடி வருது."

மறுநாள் மீதியும் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து மருதாயியிடம் வெற்றிலை பாக்குத் தட்டு எடுத்து வைக்கச் சொன்னேன். "யாருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். பூவும் பழமும் கூடுதலாக வைத்தாள். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பகல் பதினோரு மணிக்குக் கடைத்தெரு வழியாக நடந்தேன். எதிரே வந்த இரண்டு பேர் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். கடை வாசலில் கூட்டம். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று, நன்றாகக் குனிந்து, அந்தத் திறப்பு வழியாகத் தட்டை நீட்டினேன்.

"காதுகுத்துக்கு வரணும். குடும்பத்தோட."

மலர்கொடி எழுந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குனிஞ்சது போதும் ஐயா, படம் புடிக்கற வேலைதான் முடிஞ்சிடுச்சே" என்றார்.

காதுகுத்து அன்று குழந்தை என் மடியில் வீறிட்டு அழுதது. சீர் வரிசையைப் படிக்கும்போது வினோதினி போனில் வந்ததைக் காட்டினாள். அய்யாக்கண்ணு கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, பரவால்லையே! எந்த எக்ஸ்சேஞ்ச்ல வாங்கினீங்க? எனக்கும் சொல்லுங்க, பேத்திக்கு நானும் கொஞ்சம் போட்டு வைக்கறேன்."

முதல் வரிசையில், மருதாயிக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். "பாத்துக் குடுத்தவங்க அங்க உக்காந்திருக்காங்க. அமாவாசை மவ. அவங்ககிட்டயே கேட்டுக்குங்க."