இற்றுப்போன கூரை

எங்கள் கம்பெனியின் கூரைத் தகடுகள் இற்றுப்போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். செத்தாலும் மேலே ஏற மாட்டோம். பெயின்ட் அடிக்க வந்த காண்ட்ராக்டரின் ஆளுக்குத் தெரியாது. ஏறினார், தகட்டோடு கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

"அவர்கிட்ட யாரும் சொல்லலையா சார்?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"அவரு என்ன நம்ம ஆளா? காண்ட்ராக்டர்தான் சொல்லணும்."

"காண்ட்ராக்டருக்குத் தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? இது என்ன அவரு கூரையா?"

மறுநாள் மேனேஜருக்குப் பொறுப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏணிக்குப் பக்கத்தில் பலகை மாட்டினார்: 'கம்பெனி ஊழியர்கள் கூரைமேல் ஏறக் கூடாது.'

மதியம், ஓட்டையை அடைக்க வேறொரு காண்ட்ராக்டரின் ஆள் வந்தார். பலகையை நிதானமாகப் படித்தார்.

"இது நமக்கில்ல" என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தார்.