யாளிக்கு ஜிப் கிடையாது

சுப்பராமன் சார் தன் மனைவியிடம் வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. தலையைத்தான் ஆட்டினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கக்கத்தில் சுருட்டிய யோகா பாயும் உடம்பெல்லாம் வியர்வையுமாகத் திருநகர் வீட்டுக்குள் நுழைந்தவரை ஜானு மாமி ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன்னா, யோகாக்கா போயிட்டு வரேள்? மொகமே பளிச்சுன்னு இருக்கே!”

முகம் பளிச்சென்று இருந்தது கன்னத்தில் ஒட்டியிருந்த வெள்ளி பெயின்டால். ஆனால் கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் மாமி அவரைப் பாராட்டியது அது இரண்டாவது தடவை. முதல் தடவை எதற்கு என்று அவருக்கு நினைவில்லை. தலை தானாக ஆடிவிட்டது.

உண்மையில் அவர் வந்தது பழங்காநத்தத்தில் ஒரு மாடிக் கொட்டகையிலிருந்து. அங்கேதான் எங்கள் வேடக்காரர்கள் சங்கம் ஞாயிறுதோறும் கூடுகிறது. நாங்கள் இருபத்து மூன்று பேர். ராஜா, ரோபோ, பறவை மனிதன் என்று அவரவருக்குப் பிடித்த உருவத்தைச் சொந்தக் கையால் செய்து, நாங்களே உள்ளே புகுந்துகொண்டு நடப்பது எங்கள் பொழுதுபோக்கு. யோகா பாய்தான் எங்களுக்கு மூலப்பொருள். அதை வெட்டி, ஹீட் கன்னால் சூடு காட்டி வளைத்தால் கவசம், செதில், கொம்பு எல்லாம் வரும். மதுரையில் யோகா பாய் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு யோகா தெரியாது என்று நான் அடித்துச் சொல்வேன். நான் செய்தது முதலை. பெயின்ட் காயட்டும் என்று வைகை மணலில் அதற்குள்ளேயே படுத்திருந்தபோது, துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். எல்லாவற்றையும் அலசி, மடித்து, வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு சட்டைக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

சுப்பராமன் சார் செய்தது யாளி. கோயில் தூணில் இருக்கிறதே, சிங்க உடம்பும் தும்பிக்கையுமாக, அதேதான். சங்கத் தலைவி பெர்சி பல் டாக்டர். சார் செதுக்கிய யாளிப் பற்களைப் பார்த்துவிட்டு, “கடவாயில சொத்தை மாதிரி இருக்கு சார், திருப்பிச் செய்ங்க” என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியவர். அந்தப் பெர்சியே கெஞ்சிப் பார்த்தார்.

“சார், கால்ல மட்டும் ஒரு ஜிப் வச்சுக்கங்க. போட்டுக் கழட்ட லேசா இருக்கும்.”

“யாளிக்கு ஜிப் கிடையாதும்மா. ஆயிரங்கால் மண்டபத்துல போய்ப் பாரு.”

ஜிப் இல்லாததால் கால்களை அவர் மேலேயே வைத்து ஒட்ட வேண்டும். செருப்புக் கடைக்காரர்களின் மஞ்சள் பசை, சரியாகப் பிடிக்க நாலு மணி நேரம். முடிந்ததும் பிளேடால் அறுத்துத்தான் வெளியே எடுக்க முடியும். அதாவது அந்த யாளியைப் பிறவியில் ஒரு தடவைதான் போடலாம்.

அந்த ஒரு தடவைக்காகத்தான் மனிதர் ஏங்கினார். வருஷத்துக்கு ஒரு முறை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கில் வேடக்காரர்களின் பெரிய கூட்டம் நடக்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மேடையில் யார் உதவியும் இல்லாமல் பத்தடி கடக்க வேண்டும். கடந்ததும் தலையைத் தன் கையால் கழற்றி, நான்தான் என்று முகத்தைக் காட்ட வேண்டும். முதல் வருஷம் அவருக்குத் தும்பிக்கை விழுந்துவிட்டது. இரண்டாம் வருஷம் வால் முடியவில்லை.

“அடுத்த மாசம் எழுபது ஆரம்பிக்கறது சார்” என்றார் என்னிடம். “இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் எவன் எவனோ எழுதினதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன். இது ஒண்ணு நான் பண்ணினது. ஒரே ஒரு தடவை தலையைக் கழட்டிக் காட்டிடறேன்.”

அந்த மூன்றாம் வருஷம் பார்த்து யோகா தினமும் ஒத்தக்கடைக் கூட்டமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தன. அதற்கு நாலு நாள் முன்னால் சார் என் வீட்டுக்கு வந்து, உட்காராமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“சார், ஃப்ளெக்ஸ் அடிச்சுட்டா.”

“யாருக்கு சாமி?”

“எனக்கு. ‘யோகா ஆசான் சுப்பராமன்’னு குடியிருப்போர் சங்கத்து வாசல்ல நிக்கறேன், கை கூப்பிண்டு. காலம்பற ஏழு மணிக்கு நான் அறுபது பேருக்குச் சொல்லிக் கொடுக்கணுமாம். ஜானு போய்ச் செயலாளர் நல்லகாமன்கிட்ட வாக்குக் கொடுத்துட்டா.”

“உங்களுக்கு எத்தனை ஆசனம் தெரியும்?”

“சவாசனம். அதுவும் மத்தியானம் சாப்பிட்டப்புறம்.”

மாமியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். “மூணு வருஷமா சொந்தக்காரா அத்தனை பேர்கிட்டயும் பெருமையாச் சொல்லிண்டிருக்கா சார். இப்போ போய் நான் பாயை வெட்டி வால் பண்ணிண்டிருந்தேன்னு எப்படிச் சொல்றது?” என்றார். அதுவும் நியாயம்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒத்தக்கடையில் ஒன்பதரைக்கு மேடை. பசை காய நாலு மணி நேரம். ஆக, காலை ஐந்தரைக்குள் கால்களையும் வாலையும் ஒட்டியாக வேண்டும். யோகாவுக்கு அப்படியே மேலே எட்டு முழ வேட்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எங்களிடம் வேறு வழியில்லை.

என் வீட்டில் வைத்து ஒட்டினேன். மூன்றரை அடி வாலுக்குள் ஸ்பிரிங் கம்பி. அதை இடுப்பைச் சுற்றி வளைத்து வேட்டியால் இறுக்கினேன். பார்ப்பதற்கு ஒரே வாரத்தில் தொப்பை போட்ட மனிதர் மாதிரி இருந்தார்.

மைதானத்தில் அறுபது பேர் பாய் விரித்துத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு நல்ல பாய்களை ஒரே இடத்தில் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. மாமி முதல் வரிசைக்கு முன்னால் செல்போனோடு நின்றார். புனேயில் இருக்கும் மகன் ஹரிஷங்கருக்கு அப்பாவின் யோகாவை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

“எல்லாரும் எழுந்துக்கோங்கோ” என்றார் சார். அவரால் உட்கார முடியாது, முட்டி மடங்காது. “குதிகாலைச் சேர்த்து நில்லுங்கோ. கையை மேல தூக்குங்கோ.”

அறுபது பேரும் தூக்கினார்கள். அவரும் தூக்கினார். குதிகாலைச் சேர்த்த அந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. பசை ஒட்டி ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. உள்தொடை ஒட்டுவாய் இரண்டிலும் பசை பிதுங்கி நின்றது, சேர்ந்ததும் இரண்டு காலும் ஒரே காலாகிவிட்டன.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன், முதலைக்குள் இருந்துகொண்டு.

“அடுத்து என்ன சார்?” என்றார் நல்லகாமன்.

“இதுதான். தூணாசனம். அசையப்படாது.”

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பின்வரிசையில் ஒருவர், “இம்புட்டு நேரமாய்யா?” என்று முனகினார். “பேசினா மூச்சு கலைஞ்சுடும்” என்றார் சார். இருபது நிமிஷம் அறுபது பேரும் வானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நல்லகாமனுக்கு எட்டு வருஷமாக இருந்த முதுகுவலி அன்றோடு போனது. வலி எங்கே போனது என்று கேட்டால், பக்கத்தில் நின்றவருக்கு.

“இப்போ கண்ணை மூடிக்கோங்கோ” என்றார் சார், வியர்வை ஊற்ற. எல்லோரும் மூடினார்கள். மாமி மட்டும் மூடவில்லை; வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாரே. வியர்வையில் நனைந்த வேட்டி இளகியது. வால் ஒரு சுற்று அவிழ்ந்து, வேட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, நிதானமாக மேலே எழும்பி, சாரின் தலைக்கு மேலே குஞ்சத்தை ஆட்டியது. மைதானத்து ஓரம் படுத்திருந்த நாய் எழுந்து திருமங்கலம் சாலையைப் பிடித்து ஓடியது. திருமங்கலத்தில்கூட நிற்கவில்லை என்று கேள்வி.

மாமி செல்போனை இறக்கினார். வாலைப் பார்த்தார். வேட்டி விலகிய இடத்தில் தெரிந்த செதிலைப் பார்த்தார். அறுபது பேரையும் திரும்பிப் பார்த்தார்.

“ஒருத்தரும் கண்ணைத் தெறக்கப்படாது!” என்று ஒரு அதட்டல் போட்டார். “நான் சொல்ற வரைக்கும் அப்படியே நிக்கணும்!” பிறகு என் பக்கம் விரலை மடக்கினார். “தனிஸ்லாஸ் சார், இங்க வாங்கோ. இது என்ன?”

“யாளிங்கம்மா.”

“எத்தனை நாளா?”

“மூணு வருஷம். எல்லாம் சாமியோட சொந்தக் கை வேலை.”

மாமி கணவர் பக்கத்தில் போய்க் குனிந்து ஒவ்வொரு செதிலாகத் தொட்டுப் பார்த்தார். சார் வானத்தைப் பார்த்தபடியே நின்றார். அவருக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பான இடம்.

“எங்க போட்டுக்கறதுக்கு?”

“ஒத்தக்கடை. ஒன்பதரை மணி.”

மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி ஏழே முக்கால். அப்புறம் ஏன் நின்னுண்டிருக்கேள்? தூக்குங்கோ.”

நானும், சாமியானா கொண்டுவந்த குட்டியானை வண்டி டிரைவர் பாண்டிராஜும், நின்ற வாக்கிலேயே தூக்கினோம். “அண்ணே, சிலைய எந்தக் கோயில்ல எறக்கணும்?” என்றார் பாண்டிராஜ். சிலை தும்மியதும் ஓடிப்போய் வண்டியை ஸ்டார்ட் செய்தார். மாமி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். போகிற வழியிலேயே நான் பின்னால் நின்று தலையையும் தும்பிக்கையையும் மாட்டிவிட்டேன். மைதானத்தில் அறுபது பேரும் கண்ணைத் திறந்தபோது நாங்கள் ரிங் ரோட்டைத் தாண்டியிருந்தோம். ஆசான் மறைந்துவிட்டார் என்று திருநகரில் இரண்டு நாள் பேசிக்கொண்டார்கள்.

ஒத்தக்கடையில் பெர்சி பிளேடை எடுத்தார். “நடுவுல அறுத்துப் பிரிச்சா நடக்கலாம் சார். ஆனா கிழிசல் தெரியும்.”

“பிளேடு வேண்டாம்” என்றது யாளிக்குள்ளிருந்து ஒரு குரல். “வழக்கப்படி பத்தடி கடக்கணும். நடந்துதான் கடக்கணும்னு எங்கயும் எழுதலியே.”

பெயரை அழைத்தார்கள். யாளி குதித்தது. ஒரே காலால், ஒவ்வொரு அடியாக, மேடைப் பலகை அதிர, பிடரி எழும்பி விழ, வால் ஒரு தாளமும் தும்பிக்கை ஒரு தாளமும் போட, பத்துக் குதி. அரங்கம் எழுந்து நின்றது. ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டு கையாலும் தலையைக் கழற்றி, தக்காளி மாதிரிச் சிவந்த முகத்தைக் காட்டினார் சுப்பராமன் சார். அவர் பார்த்தது நடுவர்களை அல்ல. முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த மாமியை.

நடுவர் ஒருவர் மைக்கில் கேட்டார்: “ஐயா, இந்த வயசுல இப்படி ஒரு பாய்ச்சல்! எப்படிப் பழகுனீங்க?”

சார் வாயைத் திறப்பதற்குள் மாமி எழுந்தார்.

“மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம யோகா” என்றார், கண்ணாடிச் சன்னல் அதிர. கைதட்டல் அடங்க வெகு நேரமானது. சிறந்த நடைக்கான பரிசை நடக்காத ஒருவருக்குக் கொடுத்த முதல் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

யாளிக் காலை அறுத்து அவரை வெளியே எடுத்தபின் மாமி தீர்ப்புச் சொன்னார். “ஞாயித்துக்கிழமை தாராளமா வேடக்காரா கூட்டத்துக்குப் போங்கோ. நான் தடுக்கலை. ஆனா இத்தனை பேர் முன்னாடி நான் சொன்னது பொய்யாகப்படாது. நாளையிலேர்ந்து தெனம் காலம்பற மைதானத்துல நீங்கதான் யோகா வகுப்பு.” கோபம் போன அடையாளமாக அடுத்த வாரமே ஒரு புது ஹீட் கன்னும் வாங்கிக் கொடுத்தார்.

தூணாசனத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் சுப்பராமன் சார் புது ஹீட் கன்னைப் பையில் போட்டுக்கொண்டு, “வேடக்காரா கூட்டத்துக்குப் போயிட்டு வரேன்” என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் பழங்காநத்தம் வருகிறார். எங்கள் மாடிக்கு ஏறுவதில்லை. அடுத்த தெருவில் ஒரு யோகா வகுப்பு இருக்கிறது; அதில் கடைசி வரிசையில் நின்று, அந்த வாரத்துக்கு ஆறு ஆசனம் கற்றுக்கொண்டு போகிறார். மாமி போன் செய்து, “அவர் அங்க இருக்காரா சார்?” என்று கேட்டால், நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.