சாதாக் காற்று

கண்ணாடிக் குழாய்க்குள் படுத்திருந்த பஞ்சநதத்தின் மேலுதடு துடித்தது. ஒரு பக்கம் மட்டும். வெளியே கருவியை இயக்கிக்கொண்டிருந்த எழில்மொழி மைக்கை அழுத்தி, "ஐயா, மாஸ்க்கை நல்லாப் போடுங்க" என்றாள். அவர் கை எழவில்லை. உடம்பு விறைத்து, வலிப்பில் வெட்டி இழுக்கத் தொடங்கியது.

வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்ட காலில் புண், சர்க்கரையால் ஆறவில்லை. அதற்காகத்தான் தஞ்சாவூருக்கு வந்து, இந்தக் குழாய்க்குள் உயர் அழுத்தத்தில் நிரப்பிய ஆக்ஸிஜனைச் சுவாசிக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆக்ஸிஜனே அளவு மிஞ்சினால் மூளையைச் சீண்டி வலிப்பைக் கொண்டுவரும். அதனால் நடுநடுவே மாஸ்க் வழியாகச் சாதாக் காற்றைச் சுவாசிக்கச் சொல்வார்கள்.

"ஐயையோ, கதவத் தெறடி!" தங்கமணி கண்ணாடியை அறைந்தாள். "எம்புருசன் துடிக்கிறாரு, மரமாட்டம் நிக்கிறியே!"

எழில்மொழி அவசர மணியை அழுத்தினாள். ஆக்ஸிஜனை நிறுத்திக் குழாய்க்குள் சாதாக் காற்றைத் திருப்பிவிட்டாள். அழுத்தத்தை மட்டும் குறைக்கவில்லை. வலிப்பில் மூச்சு அடைத்திருக்கும். இப்போது அழுத்தத்தைக் குறைத்தால் உள்ளே சிக்கிய காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

"வெட்டு நிக்கட்டும்மா. இப்பத் தெறந்தா உசுருக்கு ஆபத்து."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல. ஆனா தெறக்க மாட்டேன்."

டாக்டர் கமருன்னிஸா ஓடிவந்தார். ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, "அப்படியே வச்சிரு" என்றார்.

மூவரும் பஞ்சநதத்தின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உடம்பின் வெட்டு அடங்கியது. நெஞ்சு ஒருமுறை பெரிதாக ஏறி இறங்கியது. பிறகு சீராக.

"இப்ப அழுத்தத்த மெதுவா எறக்கு" என்றார் டாக்டர்.

வெளியே இழுத்தபோது பஞ்சநதம் யாரையும் அடையாளம் தெரியாமல் விழித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன, அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றார். தங்கமணி அழுதுகொண்டே சிரித்தாள்.

"மாஸ்க்கைப் போட்டீங்களாங்கய்யா?" டாக்டர் கேட்டார்.

"தாடையில வச்சிருந்தேன். சாதாக் காத்துதான் ஊர்ல நெறைய இருக்கே." அவருக்கு நாக்கு இன்னும் குழறியது. "நம்ம மொறை வந்து வாய்க்கால்ல தண்ணி ஓடுது. நடுவுல எவனாச்சும் மடைய அடைப்பானா?"

"நட்ட வயல்ல ராப்பகலாத் தண்ணி நின்னா நாத்து அழுகிடும்னு தெரியுதுல்ல?" தங்கமணி கடிந்துகொண்டாள். "சொந்த மண்டைக்கு மட்டும் அது தெரியாது."

டாக்டர் சிரித்துவிட்டார். "பயப்படாதீங்க. இந்த வலிப்பு அப்படியே நிலைச்சிடாது. கொஞ்சம் ஓய்வு குடுத்து, அழுத்தத்தைக் குறைச்சுத் தொடரலாம். புண்ணும் ஆறிட்டுதான் வருது."

எழில்மொழி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தங்கமணி அவள் கையைப் பிடித்தாள்.

"என்ன பொண்ணே, இப்படி உக்காந்துட்ட? அப்ப கல்லாட்டம் நின்னியே!"

"அப்பவும் பயமாத்தான் இருந்துச்சும்மா."

"எனக்கு ஒரு டீ கெடைக்குமா?" என்றார் பஞ்சநதம்.

"மொதல்ல இந்தப் பொண்ணுக்கு. நீங்க சும்மாக் கெடங்க" என்று தங்கமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தாள்.