பாலம்மாள் கையெழுத்து

அந்தக் காகிதத்தைப் படிக்கப் படிக்கத் தாணுமாலையன் வாத்தியாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருநெல்வேலியில் வாத்தியார்களுக்கென்று நடந்த பயிற்சிப் பள்ளியின் விடுதியிலிருந்து வந்த காகிதம் அது. பெட்டி ஒன்று, பாய், தலையணை, வேட்டி நான்கு, துண்டு இரண்டு, சொம்பு, கும்பா, சிலேட்டு என்று கொண்டுவர வேண்டியதெல்லாம் அச்சடித்திருந்தது. அதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். கீழே, 'கோலி, பம்பரம், பட்டம் முதலியவற்றை மாணாக்கர் கொண்டுவரலாகாது. தலையில் பேன் இருத்தலாகாது' என்று வேறு போட்டிருந்தது.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. சேரன்மகாதேவியில் தம் வீட்டு முன்கட்டிலேயே இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். எத்தனையோ பம்பரங்களைப் பையன்களிடமிருந்து பிடுங்கிப் பரண்மேல் போட்டவரைப் பார்த்துப் பம்பரம் கொண்டுவராதே என்கிறார்கள்.

எல்லாம் மாசியில் வந்துவிட்டுப் போன உதவி இன்ஸ்பெக்டரால் வந்தது. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். அந்த மனிதரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, வாத்தியாரிடம் பயிற்சிச் சான்று உண்டா என்றார். இல்லை. ஒரு வருஷத்துக்குள் அதை வாங்காவிட்டால் சர்க்கார் மானியம் நின்றுபோகும் என்று எழுதிவைத்துவிட்டு வண்டி ஏறினார். அதுவரை பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள அம்மையப்பன் என்று ஓர் இளைஞனும் வந்தாயிற்று. மீசை சரியாக முளைக்கவில்லை, சான்று மட்டும் கையில் இருந்தது.

வாத்தியாருக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. இன்ஸ்பெக்டரைத் திட்டினார். கொஞ்ச நேரம் சக்கரவர்த்தியையும் திட்டினார். மனைவி பாலம்மாள் தகரப்பெட்டியைத் துடைத்து, வேட்டிகளை மடித்து அடுக்கினாள். நாரத்தங்காய் ஊறுகாயைச் சின்ன ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டினாள். அவர் கூடத்துக்கும் முன்கட்டுக்குமாக நடந்துகொண்டே அந்தக் காகிதத்தை மூன்றாம் தடவை உரக்கப் படித்தார். அப்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. கூட அனுப்பியிருக்கும் விண்ணப்பத்தில் பெற்றோரோ, பொறுப்புள்ள உறவினரோ கையொப்பமிட வேண்டும்.

தகப்பனார் காலமாகிப் பதினாறு வருஷம். தாயாரும் இல்லை. ஒரே தம்பி கொழும்பில். மகள் கோமுவைக் கல்லிடைக்குறிச்சியில் கட்டிக் கொடுத்திருந்தார். ஆனால் மருமகனிடம் போய், எனக்குப் பொறுப்பாளி நீர்தான் என்று நிற்பதற்கு ஆற்றில் விழலாம். அம்மையப்பன் தானே போட்டுத் தருவதாகச் சொன்னான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். வாத்தியார் பார்த்த பார்வையில் அவன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. விண்ணப்பத்தையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு போய், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலம்மாளிடம், இந்த இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்து என்றார்.

அவள் மையையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"கைநாட்டு. எனக்கு நீதான் பொறுப்புன்னு போடணுமாம். மூதேவி பிடிச்ச சட்டம்."

"இந்த முன்கட்டுல இதுவரைக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்திருக்கிய?"

அவர் நெஞ்சை நிமிர்த்தி, ஐந்நூறுக்குக் குறையாது என்றார்.

"அந்த ஐந்நூறுல நான் ஒருத்தி இல்ல. கல்யாணமாகி வந்த வருசம் கேட்டேன். கணக்கப்பிள்ளை உத்தியோகத்துக்கா போகப்போறன்னு சிரிச்சிய. கோமுவுக்காவது சொல்லிக் குடுங்கன்னேன், அதுக்கும் அதே சிரிப்பு. இப்போ மையைப் பூசி விரலை நீட்டச் சொல்லுதிய. நான் நீட்டமாட்டேன்."

குரல் உயரவே இல்லை. அடுக்கிவைத்த நான்கு வேட்டிகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, திரும்பக் கொடியில் போட்டாள். ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சிரித்ததாக வாத்தியாருக்கு ஞாபகமே இல்லை. பிறகு கோபம் வந்தது. ஊர் உலகமெல்லாம் தன்னை அவமானப்படுத்துவது போதாது என்று வீட்டுக்குள்ளும் ஆரம்பித்துவிட்டதா என்று எண்ணிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். படித்துறையில் நெடுநேரம் நின்றார். கோபத்தைத் தூக்கி அவள்மேல் வைக்கப் பார்த்தார். அது அங்கே நிற்கவில்லை. ஐந்நூறு என்று தாம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன குரல்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து, பரணிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்துத் தூசி தட்டினார். அடுப்படி வாசலில் உட்கார்ந்து 'பா' என்று பெரிதாக எழுதினார். பாலம்மாள் அரிவாள்மணையைத் தள்ளிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ரயிலுக்கு மூன்று நாள் இருந்தது. 'பா' உடனே வந்துவிட்டது. 'ல' சுழியை அவள் எதிர்ப்பக்கம் சுழித்தாள். நாலாம் தடவையும் அப்படியே சுழித்தபோது, அவர் பழக்கத்தில் பிரம்பால் தரையை ஓங்கி அடித்துவிட்டார்.

"கம்பைக் கீழ வையுங்க" என்றாள் அவள்.

அவர் வைத்தார்.

'ள்'தான் அவள் உயிரை வாங்கியது. மாவரைக்கும்போது கல்லில் எழுதிப் பார்த்தாள். முற்றத்தில் ஈர்க்கால் எழுதி எழுதி அழித்தாள். மூன்றாம் நாள் காலையில் பேனாவை மையில் தொட்டு, விண்ணப்பத்தின் கடைசி வரியில் 'பாலம்மாள்' என்று எழுதினாள். அழுத்திய அழுத்தலில் பேனா முள் விரிந்து, கடைசிப் புள்ளி இருந்த இடத்தில் காகிதம் ஓட்டையாகிவிட்டது. மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் வேட்டிகளைக் கொடியிலிருந்து எடுத்து மறுபடியும் பெட்டியில் அடுக்கினாள். ஊறுகாயும் வந்தது. அவள் முகத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

விடுதியின் பொறுப்பாளர் காந்திமதிநாதனுக்கு இருபத்தாறு வயதுக்கு மேல் இராது. மரியாதையாகத்தான் எழுந்து நின்றார். விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"பாலம்மாள்ங்கறது உங்க தாயாரா அண்ணாச்சி?"

"என் வீட்டம்மா."

பின்னால் பாயும் பெட்டியுமாக நின்ற பையன்கள் சிரித்தார்கள். காந்திமதிநாதனும் சிரிப்பை அடக்க முடியாமல் மீசையைத் தடவிக்கொண்டார். பெண்டாட்டிக்குப் புருஷன் பொறுப்பாளி, அது உலகம் அறிந்தது. புருஷனுக்குப் பெண்டாட்டி பொறுப்பாளியானதை எங்கே கண்டோம் என்று கேட்டார். பிறகு, ஊருக்குத் திரும்பிப் போய் அலைய வேண்டாம் என்று அவரே ஒரு வழியும் சொன்னார்.

"இதை அடிச்சிட்டு, நம்ம வாசல் காவக்காரன் முப்பிடாதிகிட்ட ஒரு கைநாட்டு வாங்கிக்கிடுவோம். ஆம்பளை கைநாட்டா இருந்தாப் போதும்."

சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். முனை காகிதத்தைத் தொடுவதற்குள் தாணுமாலையன் அதை அவர் கையிலிருந்து உருவிவிட்டார். விடுதிக் காகிதம் வந்த நாளிலிருந்து எத்தனையோ கோபப்பட்டிருந்தார். அதெல்லாம் தமக்காகப் பட்ட கோபம். இது வேறு இடத்திலிருந்து வந்தது.

"இதுல ஒரு கோடு விழுந்தா நான் இங்கன படிக்கமாட்டேன். மானியமும் வேண்டாம், சான்றும் வேண்டாம். பெரியவர் எங்க இருக்காரு?"

பெரியவர் என்பது பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியர். அவர் மத்தியானம்தான் வருவார் என்றார்கள். வாத்தியார் வராந்தாவில் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. பையன்கள் வந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர்களில் ஒருவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதை மட்டும் வாங்கிக் குடித்தார்.

தலைமையாசிரியர் வந்து, இரண்டு பக்கமும் கேட்டார். வாத்தியார் அச்சுக் காகிதத்தை அவர் முன் விரித்து வரியைக் காட்டினார்.

"பொறுப்புள்ள உறவினர்னு அச்சடிச்சிருக்கிய. ஆம்பளைன்னு எங்கயாவது இருக்கா? நாளைக்கு நான் காய்ச்சல்ல கிடந்தா யாருக்கு ஆள் அனுப்புவிய? முப்பிடாதிக்கா? நான் எழுத்துச் சொல்லிக் குடுக்காம ஏமாத்தின ஒருத்தி, மூணு நாள்ல கத்துக்கிட்டுப் போட்ட கையெழுத்து இது. இது செல்லாதுன்னா, நான் இருபத்திரண்டு வருசமா யாருக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்?"

தலைமையாசிரியர் காகிதத்தில் இருந்த ஓட்டையை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். விதியில் அப்படி ஒன்றும் இல்லைதான் என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் தம் கையெழுத்தைப் போட்டுக் காந்திமதிநாதனிடம் நீட்டினார். காந்திமதிநாதன் முகம் சுண்டிப்போனது. காகிதத்தை மற்ற விண்ணப்பங்களின் கட்டோடு சேர்த்தார்.

அந்த வாரம் முழுவதும் வாத்தியாருக்குக் கோபம் தணியவில்லை. மணி அடித்தால் எழுந்திரு, மணி அடித்தால் படு என்பதில் கோபம். தம் மகள் வயதுப் பையன்களோடு வரிசையில் உட்கார்ந்து, கரும்பலகையில் எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்வதில் கோபம். அந்தப் பாடத்தில் இரண்டொரு விஷயம் தமக்குத் தெரியாதது என்பதில் அதைவிடக் கோபம்.

சனிக்கிழமை ஊருக்குப் போகக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். 'மனைவிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், காகிதம் விடுதியில் சேர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். வராந்தாவில் உட்கார்ந்த கதையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மெச்சல் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று பட்டது. பாலம்மாள் கால் கழுவத் தண்ணீர் வைத்தாள், சாதம் போட்டாள். அவர் கை கழுவி வருவதற்குள் சிலேட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் பெயரை எழுதித் தரட்டுமா, ஊர்ப் பெயரை எழுதித் தரட்டுமா என்று அவர் கேட்டார்.

"அதெல்லாம் பைய வரட்டும். அந்தப் போர்டிங்குக் காகிதத்துல மேல என்னல்லாம் எழுதியிருந்துச்சோ, அதை அப்படியே எழுதுங்க. எதுக்குக் கையெழுத்துப் போட்டேன்னு நானே படிச்சுத் தெரிஞ்சுக்கிடணும்."

அது நீளமான காகிதம், கடினமான வார்த்தைகள், முடிக்க மாதக்கணக்காகும் என்றார் வாத்தியார்.

"ஒரு வருசம் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் சிலேட்டை அவர் பக்கம் தள்ளினாள்.