வானத்துக்கும் நேரம் பார்க்கணும்

பீங்கான் கம்பெனி முதலாளி உலகநாதன் தும்முவதற்குக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கிற ஆள். புதுச் சூளைக்குத் தீ மூட்டப் புதன்கிழமை ஒன்பதே காலுக்கு நேரம் குறித்துவிட்டார். அதை மேலேயிருந்து படம் பிடிக்க வளர்மதியைக் கூப்பிட்டிருந்தார். வயலுக்கு ட்ரோனில் மருந்தடித்துக்கொண்டிருந்தவளுக்கு இதுதான் முதல் கேமரா வேலை. ட்ரோன் ஓட்டச் சான்றிதழ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. இது ஒன்று நன்றாக அமைந்தால் விருத்தாசலத்துக் கம்பெனிகள் எல்லாம் தன்னைத்தான் கூப்பிடும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம்தான் அவளுக்கு.

ட்ரோனைத் தரையில் வைத்துவிட்டுப் போனில் வான்வெளி வரைபடத்தைத் திறந்தாள். நேற்றுப் பச்சையாக இருந்த ஊர் இன்று முழுக்கச் சிவந்து கிடந்தது. யாரோ மந்திரி ஹெலிகாப்டரில் வருகிறாராம். பன்னிரண்டு மணி வரைக்கும் எந்த ட்ரோனும் ஏறக் கூடாது. வளர்மதி போனை உலகநாதனிடம் நீட்டிக் காட்டினாள்.

“பன்னண்டுக்கு மேல எடுத்துக்கலாங்க.”

“பன்னண்டுக்கு ராகுகாலம்மா! நேரமெல்லாம் நான் பாத்தாச்சு. நீ ஏத்து.”

“கீழ நீங்க பாத்துட்டீங்க. மேல நான்தாங்க பாக்கணும். நாளைக்கு ஒண்ணுன்னா ஏத்துனவளத்தான் கேப்பாங்க. சான்றிதழே போயிடும்.”

உலகநாதன் மசிகிறவரா? கல்யாண வீடுகளில் படமெடுக்கும் ஜெயபிரகாஷுக்குப் போன் போட்டார். அவனிடம் சான்றிதழும் இல்லை, வரைபடம் பார்க்கிற பழக்கமும் இல்லை. பத்தே நிமிடத்தில் பைக்கில் வந்து இறங்கினான்.

“வானத்துக்கு வேலியா போட்டு வச்சிருக்குது?” என்று வளர்மதியைப் பார்த்துச் சிரித்தான். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிளம்பியிருப்பாள், இவன் கூத்து எப்படி முடிகிறதென்று பார்க்காமல் போக மனம் வரவில்லை.

சூளையில் தீ பற்றிக்கொண்டது. ட்ரோன் எழும்பியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஜெயபிரகாஷ் அரக்கப்பரக்க ட்ரோனை இறக்கினான்.

“அண்ணே, இத செத்த புடிங்க. வயிறு சரியில்ல.”

ரிமோட்டை உலகநாதன் கையில் திணித்தவன், பைக்கைக்கூட எடுக்காமல் பின்பக்க மதிலேறிக் குதித்துவிட்டான்.

உலகநாதனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. “வளர்மதி, படிச்ச புள்ளயாச்சே, இத கொஞ்சம் வாங்கிக்க” என்று ரிமோட்டை நீட்டினார். வளர்மதி சட்டென்று இரண்டு கைகளையும் கூப்பி, உள்ளே வந்த இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் வைத்தாள். கூப்பிய கையைப் பிரிக்கவேயில்லை.

“ஏத்துனது யாருங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான் சும்மா கையில வச்சிருக்கறேங்க” என்றார் உலகநாதன்.

“கையில வச்சிருக்கறவருதாங்க பைலட்டு. சான்றிதழ் எடுங்க.”

“அது இந்தம்மாகிட்ட இருக்குது.”

“இருக்குதுங்க சார்,” என்றாள் வளர்மதி, மிகவும் பணிவாக. “என் ட்ரோனு அதோ கீழதான் இருக்குது. இன்னும் ஏத்தவேயில்ல.”

மதிலேறிக் குதித்தவன் கதையையெல்லாம் ஸ்டேஷனில் வந்து சொல்லச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஜீப்பில் ஏறப்போன உலகநாதன் நின்று திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

“சூளை எப்படியும் ரெண்டு நாளு எரியும். எப்ப ஏத்தலாம்னு நீயே பாத்து சொல்லும்மா,” என்றார்.