தவமலருக்கு எத்தனை வயது?

கலிபோர்னியாவிலிருந்து தம்பி குருமூர்த்தி தொலைபேசி எடுத்தபோது தவமலர் லண்டன் குட்மேய்ஸ் வீட்டின் முன்னறையில் இரண்டு கால்களையும் ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தாள். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் கோடைகாலம் அது.

"அக்கா, இஞ்சை கஞ்சாவுக்கு அரசாங்கமே கார்ட் குடுக்குது. எனக்கும் கிடைச்சிட்டுது."

"கஞ்சாவுக்கோ? விசர்க்கதை கதையாதை."

"விசரில்லை அக்கா. என்ரை முதுகு நோவுக்கு. டொக்டர் எழுதித் தரவேணும். பிறகு படம் பிடிச்சு லைசென்ஸ் மாதிரித் தருவாங்கள்."

வேறொருத்தி என்றால் முருகா என்று சொல்லி ரிசீவரை வைத்திருப்பாள். தவமலருக்கோ ஒரு விஷயத்தை அடிமுடி கேட்டு அறியாவிட்டால் சோறு இறங்காது. என்னென்ன வருத்தத்துக்குக் கொடுப்பார்கள், டொக்டர் மாட்டேன் என்றால் என்ன செய்வது, எத்தனை வயது இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பதினெட்டு முடியவேணும். அதுக்குக் கீழை எண்டால் தாய் தேப்பன் பொறுப்பெடுக்கவேணும்."

"மேலை?"

"மேலை எல்லை இல்லை. தொண்ணூறு வயசிலையும் எடுக்கலாம்."

அவளுக்கு எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளின் உறை தேய்ந்துபோகும் வருத்தம். எங்கள் ஆட்களுக்கு இது அபூர்வமாகத்தான் வரும் என்று முதலில் பார்த்த டொக்டர் சொன்னபோது, "அப்ப எனக்கு ஏன் வந்தது?" என்று கேட்டு அவரைத் திணறடித்தவள். தொடையிலிருந்து பாதம் வரை தசை திடீரென்று கயிறு முறுக்கினதுபோல் இறுகும். எத்தனையோ குளிசைகள் மாற்றியாயிற்று. ஒன்று நித்திரையாக்கியது, மற்றது வாந்தி எடுக்கவைத்தது. கால் மட்டும் இளகவில்லை.

மகள் பிரியந்தி இல்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். தாய் கேட்டதும் சிரித்தாள்.

"லண்டன்ல அந்தக் கார்ட் எல்லாம் இல்லை அம்மா. பட் எம்.எஸ். ஆக்களுக்கு ட்ரையல் நடக்குது. கஞ்சாச் செடியில இருந்து எடுத்த ஸ்பிரே. வாய்க்குள்ள அடிக்கிறது."

"என்னையும் எடுப்பினமோ?"

"கேட்டுப் பாப்பம்."

கணவர் ஜீவரத்தினம் பேப்பரை மடித்தார். "இஞ்சேரும், நாளைக்குக் கோயிலிலை சனம் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஸ்பிரே எண்டு சொல்லுங்கோ."

ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் ஹெலன் என்ற நர்ஸ். தகுதிகளை ஒவ்வொன்றாக விளக்கினாள். மற்ற மருந்துகள் பலன் தராமல் போயிருக்கவேண்டும். இருதயம் சரியாக இருக்கவேண்டும். குடும்பத்தில் எவருக்கும் மனநோய் இருந்திருக்கக்கூடாது. தவமலர் எல்லாவற்றையும் தாண்டினாள். பிறந்த திகதியில் ஹெலனின் பேனா நின்றது.

"பதினெட்டிலிருந்து அறுபத்தைந்து வரைதான் எடுக்கிறோம். உங்களுக்கு அறுபத்தேழு. எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது."

பிரியந்தி தாயின் முகத்தைப் பார்த்தாள். தவமலருக்கு ஏமாற்றத்தைவிடக் கேள்விதான் முன்னால் வந்தது.

"ஏன் அறுபத்தைஞ்சு? அறுபத்தாறிலை என்ன நடக்கும் எண்டு கேள்."

வயது போகப்போக உடம்பில் வேறு தேய்மானங்களும் சேரும், எது மருந்தின் வேலை எது முதுமையின் வேலை என்று பிரித்தறிய முடியாது என்றாள் ஹெலன்.

"அப்ப அவைக்கு வேண்டியது உடம்பின்ரை வயசோ, பாஸ்போட்டின்ரை வயசோ?"

பிரியந்தி தயங்கித் தயங்கித்தான் இதை மொழிபெயர்த்தாள். ஹெலன் சிரிக்கத் தொடங்கி, எதிரில் இருப்பவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினாள்.

தவமலர் பிறந்தது நாற்பத்தேழில். உண்மையில் அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. எண்பத்தைந்தில் ஊரைவிட்டு ஓடியபோது, கிருஷ்ணராசா என்ற இருபத்திரண்டு வயதுப் பெடியனையும் அவளையும் தாயும் மகனுமாக ஜெர்மனிக்கு அனுப்ப, ஆட்களைக் களவாக வெளிநாடு ஏற்றும் ஏஜென்ற் ஒருவன் தீர்மானித்தான். முப்பத்தெட்டு வயதுக்காரியைப் பார்த்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று ஒன்பது வயதைக் கூட்டி எழுதினான். தலையில் மாவைத் தடவி நரைக்கவும் வைத்தான். பிறகு கணவரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஜெர்மன் பாஸ்போட் கிடைத்தது, லண்டனுக்கு மாறினார்கள். ஏஜென்ற் எழுதிய ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டு என்ற பிறந்த ஆண்டு மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

ஹெலன் உள்ளே போய் டொக்டரைக் கூட்டிவந்தாள். அவர் கதையை முழுவதும் கேட்டார். பல்லையோ எலும்பையோ பார்த்து வயதைச் சொல்லமுடியாதா என்று தவமலர் விசாரித்தாள். வளர்ந்தவர்களில் அவ்வளவு நுட்பமாகச் சொல்லமுடியாது என்றார்.

"எனக்கு வேண்டியது உங்கள் உடம்பின் வயதுதான். ஆனால் அதைக் காட்ட ஏதாவது கொண்டுவாருங்கள். அடுத்த மாதம் ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்திவிடுவோம்."

யாழ்ப்பாணத்தில் இருந்த தங்கை பிறப்புப் பதிவின் பிரதியை எடுத்து அனுப்பினாள். வழக்கறிஞர் ஞானரட்ணம் அதைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினார்.

"அக்கா, இது மட்டும் காணாது. இந்தத் திகதி எப்பிடிப் பிழைச்சதெண்டு தெரிஞ்ச ஒராள் சத்தியக் கடதாசி முடிச்சுத் தரவேணும். ஜெர்மன்காரருக்கும் நாங்களே முந்தி அறிவிப்பம். கேள்வி கேப்பினம். ஆனால் உங்கடை பேர் உண்மை, பயந்து ஓடிவந்த காரணமும் உண்மை. தலை போகாது."

தெரிந்த ஆள் ஒருவன்தான். கிருஷ்ணராசா இப்போது வடலண்டன் எட்மண்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். பிராங்பேர்ட் விமானநிலையத்தில் கூப்பிடத் தொடங்கிய 'அம்மா'வை இருபது வருடமாக விடவில்லை. தவமலர் தடியை ஊன்றி உள்ளே வருவதைக் கண்டதும் கல்லாவைவிட்டு ஓடிவந்து கதிரை போட்டான். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"அம்மா, என்ரை அகதிக் கேஸ் முழுக்க நான் உங்கடை மகன் எண்டுதான் கிடக்கு. நீங்கள் ஒன்பது வயசைக் குறைச்சால், இவன் ஆற்றை பிள்ளை எண்டு கிண்டுவாங்கள். எனக்கு மூண்டு பிள்ளையள். ஏலாது அம்மா. குறை நினையாதேங்கோ."

"நான் குறை நினைக்கேல்லை. பயம் பயம்தானே."

அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அந்த விமானத்தில் இரண்டு பேரும் ஒரே பயத்தோடு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள். எழும்பப் போனவள், முருங்கைக்காய்ப் பெட்டியில் கைவைத்தபடி நின்றுவிட்டாள்.

"தம்பி, நீ எந்த வருசம் பிறந்தனி?"

"அறுபத்துமூண்டு."

"உன்ரை திகதியையும் அவன் மாத்தினவனோ?"

"இல்லை. அது உண்மைத் திகதி."

தவமலர் விரல்களை மடித்தாள். "நான் நாப்பத்தேழு. நீ அறுபத்துமூண்டு. பதினாறு."

"என்ன பதினாறு?"

"உண்மை வயசோடை வந்திருந்தாலும் உன்னைப் பதினாறு வயசிலை பெத்திருக்கேலும். அந்தக் காலத்திலை எத்தினை பேர் பெத்தவை? வயசைக் குறைச்சாலும் உன்ரை கேஸ் கெடாது."

கிருஷ்ணராசா தானும் விரல்விட்டு எண்ணினான். அரிசி மூடைமேல் இருந்து, கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"அப்ப அந்த ஏஜென்ற் ஏன் உங்களைக் கிழவியாக்கினவன்?"

"பாத்தவையள் நம்பவேணும் எண்டு நினைச்சிருப்பான். கணக்குப் பாக்கேல்லை."

அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு அடங்கிப்போயிற்று. ஒன்பது வருடம் தேவையில்லாமல் கிழவியாக இருந்திருக்கிறாள். வயதை யார் கேட்டாலும் இரண்டு கணக்கு மனதுக்குள் ஓடவேண்டியிருந்தது. ஐம்பதாவது பிறந்தநாளை ஒருவரும் கொண்டாடவில்லை. வெளியாட்களுக்கு அது ஐம்பத்தொன்பது அல்லவா?

இரண்டொரு நாளில் கிருஷ்ணராசா தானாகவே இல்ஃபோர்டில் இருந்த ஞானரட்ணத்தின் கந்தோருக்கு வந்தான். ஞானரட்ணம் உண்மையை மட்டும் எழுதினார். ஒரே விமானத்தில் வந்தவர்கள், ஏஜென்ற் திகதியை மாற்றியது கிருஷ்ணராசாவின் கண்முன்னால் நடந்தது, அவ்வளவுதான். கையெழுத்து வைக்கப் போன கிருஷ்ணராசா பேனாவை ஒருமுறை கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தான். தவமலர் அவன் தோளில் கைவைத்து நின்றாள்.

அடுத்ததாக, அறுபது தாண்டியவர்களுக்கென்று வாங்கியிருந்த இலவச பஸ் பாஸைக் கவுன்சிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வயது குறைந்துவிட்டது என்று சொல்லி இங்கே இதுவரை ஒருவரும் வந்ததில்லை என்றாள். பிறகு தடியைக் கவனித்துவிட்டு, நடக்க இயலாதவர்களுக்கும் பாஸ் உண்டு, விண்ணப்பியுங்கள் என்றாள்.

ஆஸ்பத்திரி அவளை ஏற்றுக்கொண்டது. சிறிய போத்தல். நாக்குக்கு அடியில் அடித்தால் புதினாத் தைலம்போல் ஒரு சுவை. அதில் நிஜ மருந்தும் இருக்கலாம், வெறும் போலியும் இருக்கலாம். எது என்று ஹெலனுக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

"ஒருத்தருக்கும் தெரியாமல் எப்பிடி வைத்தியம் பாக்கிறது?" என்று கேட்டாள் தவமலர். தெரிந்தால் மனம் உடம்பை ஏமாற்றிவிடும் என்றாள் ஹெலன். அந்தப் பதில் அவளுக்கு மிகவும் பிடித்துக்கொண்டது.

ஜீவரத்தினம் நாள்முழுதும் அவளையே பார்த்தபடி இருந்தார்.

"தலை சுத்துதோ? சிரிப்பு வருதோ?"

"நீங்கள் கேக்கக் கேக்கத்தான் வருது."

உண்மையிலேயே சிரிப்பு வந்தது. மனம் லேசாக இருந்தது. காலும் கொஞ்சம் இளகினதுபோல ஒருநாள் தோன்றும், மறுநாள் பழையபடி இறுகும். ஒவ்வொன்றையும் அவள் ஹெலனிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

இலையுதிர்காலம் வந்தபோது முதல் கட்டம் முடிந்தது. இனி எல்லாருக்கும் நிஜ மருந்து என்றார்கள். தொடங்கிய சில நாட்களில் வித்தியாசம் தெரிந்தது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது பாதம் முழுவதும் தரையில் படிந்தது. குதிக்கால் குளிர்ந்ததை அவள் உணர்ந்தாள். அப்படியே சிறிது நேரம் நின்றாள். பிறகு ஜீவரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"முந்தித் தந்தது வெறும் தண்ணி," என்றாள் அடுத்தமுறை ஹெலனிடம்.

ஆராய்ச்சி முழுவதும் முடிந்து, யாருக்கு எது கிடைத்தது என்று எழுதி ஒட்டியிருந்த உறைகளைப் பிரித்த பிறகுதான் ஹெலனால் அதற்குப் பதில் சொல்ல முடிந்தது. தவமலர் சொன்னது சரி. முதல் கட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது போலி.

"அப்ப அந்த மாதங்களிலை நான் சிரிச்சது முழுக்க என்ரை சொந்தச் சிரிப்பு," என்றாள் மகளிடம். ஹெலன் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

மருந்து அற்புதம் ஒன்றும் செய்துவிடவில்லை. வாய்க்குள் புண் வந்தது, சில நாட்கள் தலை கிறுகிறுத்தது, டொக்டர் அளவைக் குறைத்தார். தடியைவிட முடியவில்லை. ஆனால் கால் இறுகி அவள் அலறுவது நின்றது. ஆராய்ச்சி முடிந்த பின்னும், உரிமம் கிடைக்காத அந்த ஸ்பிரேயைத் தன் பொறுப்பிலேயே தொடர்ந்து எழுதித்தர டொக்டர் சம்மதித்தார்.

"எனக்கு உண்மையாகவே அறுபத்தாறு வரேக்கை நிப்பாட்டுவீங்களோ?" என்று தவமலர் தன் ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

இல்லை, அந்த எல்லை ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்றார் அவர்.

"அப்ப அறுபத்தாறு வயசுக்காரருக்கு இது எப்பிடி வேலை செய்யுமெண்டு உங்களுக்கு இன்னும் தெரியாது."

டொக்டர் யோசித்துவிட்டுத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அறுபத்தாறு ஆகும்போது வந்து காட்டுகிறேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, தவமலர் எழும்பிக் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே போனாள்.