கட்டிலுக்குப் பின்னால்

மகள் கால்மாட்டைப் பிடித்து இழுத்தாள். கட்டில் சுவரை விட்டு ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு நகர்ந்தது. காலையிலிருந்து அப்பா நிமிடத்துக்கு நாலு தரம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சுவர்தான். சுவரையே நம்பாதவரை என்ன செய்ய? மாலைவரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்னால் யாருமில்லை என்று பார்த்தாவது, போகிற நேரத்தில் அந்தக் கழுத்து ஓய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

அப்பா போர் விமானி. நூற்றுப் பன்னிரண்டு முறை போய்த் திரும்பியவர். முதல் ஐந்து முறை பிழைத்தவன் ஐம்பது முறை பிழைப்பான். அதுவரை அவன் வெறும் 'புதுசு', பேரைக் கேட்காதே. இது அவர்கள் படையின் வழக்கம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பல் டாக்டரான மாப்பிள்ளை பத்தொன்பது வருடமாகப் புதுசுதான். மாமனாரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி உயிரோடு தப்பியதுகூடக் கணக்கில் சேரவில்லை.

"பின்னாடி யாரு?"

"சுவருப்பா."

"மூணு பேரு நிக்கிறாங்கம்மா."

அந்த மூன்று பேரைப் பற்றி ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். என்ன ஆனாலும் என் விமானத்தின் வாலை விட்டு விலகாதே என்று புதுசுகளிடம் சொல்லித்தான் கூட்டிப்போவாராம். விலகியவன் திட்டு வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்தான். சொன்ன சொல் கேட்டவர்கள் மூன்று பேர். அவருக்கு வந்த குண்டை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒருவனும் ஐந்தைத் தொடவில்லை.

பல் டாக்டரான அவள் கணவர் கட்டிலருகில்தான் நின்றிருந்தார். நாள் முழுக்க அடுத்தவரை வாய் திறக்கச் சொல்பவர், தான் திறப்பது அபூர்வம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து நின்றார்.

"பின்னாடி யாரு?"

"நான்தான் மாமா. புதுசு."

திரும்பப் போன கழுத்து பாதியில் நின்றது. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

"போதும்டா. என் பின்னால வராத. வீட்டுக்குத் திரும்பு." மூச்சு வாங்கிக்கொண்டார். "எல்லாரும் திரும்புங்க."

தலை தலையணையில் நேராக அமர்ந்தது. ஜன்னலைப் பார்க்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

சற்று நேரம் கழித்துக் கணவர் இடுக்கிலிருந்து வெளியே வந்தார். டாக்டருக்குச் சொல்ல வேண்டும், போர்வை மாற்ற வேண்டும் என்று முனகிக்கொண்டே அவள் எழுந்து போனாள். அவர் கதவைத் திறந்து பிடித்து, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அவள் கூடத்துக்குப் போய்ப் போனை எடுத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால், அவர் இன்னும் கதவைப் பிடித்தபடியே நின்றார். மூன்று பேர் வெளியே போகிற நேரம் ஆயிற்று.

அப்புறம்தான் விட்டார்.